கட்டில் தயார், ஆள் எங்கே?

(நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியது. மலருக்காகக் கொஞ்சம் ஒழுங்கு செய்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலை முதல் மணி வகுப்பிலேயே தூங்கிக் காட்டியவன் நான். ஆகையால் பாயசம் சாப்பிட்ட களைப்பில் யாராவது கண் அசந்தால் கோபித்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. தாராளமாகத் தூங்குங்கள். குறட்டை மட்டும் வேண்டாம்.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'மருத்துவத்தில் பொறியாளரின் பங்கு'. நம் பெருமையை நாமே பேசிக்கொள்ள நல்ல தலைப்பு. நாலு பக்கம் எழுதியும் விட்டேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒன்று பேச வந்திருக்கிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. நான் செய்வது ஆஸ்பத்திரிகளுக்கு வாயுக் குழாய் போடும் வேலை. ஆக்சிஜன் லைன், வேக்குவம் லைன், அதற்கான வால்வு, அலாரம், எல்லாம். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் காலியாகக் கிடந்த ஒரு தளத்தை வார்டாக்க வேண்டும் என்றார்கள். ஆறு நாளில் நாற்பது கட்டிலுக்கு லைன் கொடுத்தோம். செம்புக் குழாய் கிடைக்கவில்லை, வெல்டர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். இருந்தும் முடித்தோம். ஆறாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பிரஷர் டெஸ்ட் முடிந்து நாற்பது பாயிண்ட்டும் சரியாக நின்றபோது, நானும் என் பசங்களும் கை குலுக்கிக்கொண்டோம். போட்டோ கூட எடுத்துக்கொண்டோம்.

அங்கே டியூட்டியில் இருந்த நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஃப்ளோமீட்டர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "லைன் நல்லா இருக்கு சார். காலையில நாப்பது பேரை ஏத்திடுவாங்க. இந்த ஃப்ளோருக்கு நாங்க மூணு பேர். மூணாவது சிஸ்டருக்கு மத்தியானத்துலேர்ந்து ஜுரம்."

குறையாகச் சொல்லவில்லை அவர். மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு அந்தப் போட்டோவை நான் யாருக்கும் காட்டியதில்லை.

நாம் எல்லாரும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்துக் கட்டில். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, ஆளுக்கு ஒரு நர்ஸ் வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்ட், நாளைக்கு மூன்று. ஆக, 30 பேர். வார விடுமுறை, லீவு, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மாற்றாள் வேண்டுமே. குறைந்தது 40 பேர் பட்டியலில் இருந்தால்தான் வண்டி ஓடும். இது சாதாரண நாளில்.

கொரோனா வருகிறது. கவச உடையை மாட்டிக்கொண்டால் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, முகக்கண்ணாடி வியர்த்து ஊசி போடும் நரம்பு தெரியாது. எட்டு மணி நேரம் தாங்காது. ஆறு மணி நேரமாகக் குறைத்தால் நாளைக்கு நான்கு ஷிஃப்ட். 40 பேர். 2020-ன் ஆரம்ப மாதங்களில் ஒரு வாரம் வேலை, மறு வாரம் தனிமை என்று முறை வைத்தார்கள். அப்போது 80 பேர். அதே பத்துக் கட்டில்தான், கட்டில் ஒன்றுகூடக் கூடவில்லை. தேவைப்பட்ட ஆள் மட்டும் இரண்டு மடங்கு. அந்த எண்பதிலும் நாளுக்கு இரண்டு பேர் காய்ச்சலில் படுக்கிறார்கள்.

கட்டில், சிலிண்டர், வென்டிலேட்டர் இவற்றைப் பணம் இருந்தால் பத்து நாளில் வாங்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில், முதியோருக்காகக் கட்டியிருந்த கட்டிடத்தை 2020 ஜூலையில் 750 படுக்கை கொண்ட கொரோனா ஆஸ்பத்திரியாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் பி.எஸ்சி. நர்ஸிங் முடிக்க நாலு வருஷம். டிப்ளமா என்றால் மூன்று வருஷம். டாக்டருக்கு ஐந்தரை வருஷம், மயக்க மருந்து நிபுணர் ஆக அதற்கு மேல் மூன்று வருஷம். இந்த 'லீட் டைம்' எந்த டெண்டரிலும் குறையாது. அதாவது, 2020-ல் நமக்கு வேண்டிய நர்ஸை 2016-லேயே சேர்த்திருக்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு ஆளைத் தயாரிக்க முடியாது. இருக்கிற ஆளைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் முடியும். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் திறந்துகொள்ளும், சின்னப் போர்வை மாதிரி.

இது புதுசா என்றால், இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே கதை.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்று ஒன்று இருந்தது. ஜில்லா ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், ஜெயில் சூப்பரின்டெண்ட், பிளேக் ஆபீசர் எனப் பெரிய நாற்காலிகளில் எல்லாம் அந்தச் சர்வீஸ்காரர்கள். ஆனால் அடிப்படையில் அது ராணுவச் சர்வீஸ். சமாதான காலத்தில் ஊர் ஜனங்களுக்கு இரவல் கொடுக்கப்பட்ட ராணுவ டாக்டர்கள் அவர்கள். யுத்தம் வந்தால் திரும்பிப் போய்விட வேண்டும். 1914-ல் யுத்தம் வந்தது, போனார்கள். சென்னை ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. நன்கொடை திரட்டி ஓர் ஆஸ்பத்திரிக் கப்பலையே அமைத்துக் கொடுத்தார்கள். கப்பலின் பெயரே 'மெட்ராஸ்'. பெருமையான விஷயம்தான். ஆனால் கப்பலுக்கு டாக்டரும் நர்ஸும் வானத்திலிருந்து இறங்க மாட்டார்கள். கரையில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் அத்தனை இடம் காலியாகும்.

நாலு வருஷம் கழித்து, 1918 செப்டம்பரில், இன்ஃப்ளூயன்ஸாவின் இரண்டாவது அலை வந்தது. இரவல் போன டாக்டர்கள் திரும்பி வந்திருக்கவில்லை. மூன்று நான்கு மாதத்தில் இந்தியாவில் செத்தவர்கள், குறைந்த கணக்கிலேயே ஒரு கோடிக்கு மேல். 1911 ஜனத்தொகைக் கணக்கைவிட 1921 கணக்கு குறைந்து போனது. நம் நாட்டில் அப்படி நடந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான். டாக்டர்கள் இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்களா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. ஆனால் ஜுரக்காரனுக்குக் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார ஆள் இருந்தால் பிழைக்கக் கூடியவனும், ஆள் இல்லாததால் போனான்.

அடுத்த யுத்தம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியான கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மயிலாப்பூரில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பால்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு என்று என் தாத்தா சொல்வார். அந்த யுத்தத்தின் நடுவில், 1943-ல், ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள், இந்தியாவின் சுகாதாரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க. நம் ஊர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். தரமணியில் அவர் பெயரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அவர்தான். 1946-ல் அறிக்கை கொடுத்தார்கள். அதில் ஆள் கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய 47,000 டாக்டர்கள். நர்ஸ்கள் எத்தனை தெரியுமா? சுமார் 7,000. 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்.

கொஞ்சம் யோசியுங்கள். ஒரு டாக்டருக்குக் கீழே பல நர்ஸ்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஏழு டாக்டருக்கு ஒரு நர்ஸ். கட்டிடத்தைத் தலைகீழாகக் கட்டிய மாதிரி. அந்த நிலை இன்று இல்லை. தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட எவ்வளவோ மேல். 2022 ஜனவரியில் மட்டும் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். ஆனால் அந்தப் பழைய மனப்பான்மை போகவில்லை. வீட்டில் பையன் டாக்டருக்குப் படிக்கிறான் என்றால் மாலை போடுகிறோம். பெண் நர்ஸுக்குப் படிக்கிறாள் என்றால், "ஏன், வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்கிறோம்.

இனி என் காலத்துக்கு வருகிறேன். நான் நாலாம் வருஷம் படித்தது 2008-09. என் வகுப்பு நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2009 ஜனவரிக் கடைசியில், இலங்கைத் தமிழர்களுக்காக மாணவர் போராட்டம் தீவிரமானபோது, கல்லூரிகளை எல்லாம் மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டியைக் கட்டினோம். புராஜெக்ட் என்னாகுமோ, கேம்பஸ் இன்டர்வியூ என்னாகுமோ என்பதுதான், உண்மையைச் சொன்னால், என் கவலை.

அதே வாரங்களில் வன்னியில் என்ன நடந்தது என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் உட்கார்ந்து படித்தேன். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீது ஷெல் விழுந்து, பிப்ரவரித் தொடக்கத்தில் அதைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. டாக்டர்கள் புதுமாத்தளனுக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். பிறகு அங்கிருந்தும் பெயர்ந்து முள்ளிவாய்க்கால். லட்சக்கணக்கான ஜனங்களுக்குக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவு அரசு டாக்டர்கள். அவர்களோடு நின்ற நர்ஸ்களும் ஊழியர்களும் தாங்களே வீடிழந்த அகதிகள். மயக்க மருந்து தட்டுப்பாடு, ரத்தம் தட்டுப்பாடு. பிப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் காயம்பட்டவர்களை ஏற்றிப் போனது. மார்ச்சில் இந்தியாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு போய், அப்படி வந்தவர்களுக்குப் புல்மோட்டையில் சிகிச்சை கொடுத்தது. உள்ளே இருந்த டாக்டர்கள் மே மாதம் வரை உள்ளேயேதான் இருந்தார்கள். வெளியே வந்தவுடன் கைது செய்யப்பட்டார்கள்.

இதை நான் அரசியலாகச் சொல்லவில்லை. எனக்குப் பட்டது இதுதான். வெளியிலிருந்து உதவிக்குப் போனவர்களால் கரை வரைக்கும்தான் போக முடிந்தது. உள்ளே ஜனங்களோடு இருந்தவர்கள், யுத்தத்துக்கு முன்பே அந்த மாவட்டத்தில் வேலை பார்த்தவர்களும் அந்த ஊர்க்காரர்களும்தான். சாதாரணக் காலத்தில் ஓர் ஊர் யாரை வைத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறதோ, ஆபத்துக் காலத்தில் அந்த ஊருக்கு அவர்கள்தான் மிச்சம்.

அப்படியென்றால், சாதாரணக் காலத்தில் நாம் அவர்களை எப்படி வைத்திருந்தோம்?

தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். மெட்ரோ ஸ்டேஷனுக்கே அதன் பெயர்தான். 2017 நவம்பர் கடைசியில் அண்ணா சாலை வழியாக ஆபீஸ் போகும்போது, அந்த வளாகம் முழுக்க நர்ஸ்கள் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். டிராஃபிக் ஜாம் ஆகிறதே என்று எரிச்சல்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. விஷயம் என்ன என்று அப்போது நான் கேட்கவில்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய பரீட்சை எழுதித் தேறி வந்தவர்கள் அவர்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்தார்கள், ஆகவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷம் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் போடும் பெண்ணுக்கு என்ன சம்பளமோ, ஏறக்குறைய அதே சம்பளம்தான் உயிர் காக்கும் பெண்ணுக்கும். சேலை மடிப்பது கேவலம் என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே அது போதாது.

இப்போது 2021 மேக்கு வாருங்கள். அதே டி.எம்.எஸ். வளாகத்தில், இரவு பகலாகப் படுக்கை ஒதுக்கித் தரும் 'வார் ரூம்' நடந்தது. யுத்த அறை என்றே பெயர். கம்ப்யூட்டர் திரையில் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் காலி என்று வரும். நம் துறைக்காரர்களுக்குப் பிடித்த வேலை. ஆனால் அந்தத் திரையில் பச்சை விளக்கு எரிகிற ஒவ்வொரு கட்டிலுக்குப் பின்னாலும் ஒரு நர்ஸ் நிற்க வேண்டும். நாலு வருஷம் முன்பு அதே வளாகத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் பல இடங்களில் அப்படி நின்றார்கள்.

தொற்றுக் காலத்தில் அவசரத்துக்குத் தற்காலிகமாக மேலும் நர்ஸ்களை எடுத்தார்கள். நல்லது. ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள்: 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலை பார்த்ததற்கு டாக்டருக்கு 30,000, நர்ஸுக்கு 20,000, மற்றவர்களுக்கு 15,000. அதுவும் நல்லது. ஆனால் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு, அப்படி எடுத்த ஏறத்தாழ 2,300 நர்ஸ்களின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் போராடிய பிறகு, வேறு திட்டங்களில் மறுபடி ஒப்பந்த வேலை தருவதாகச் சொன்னார்கள். எந்தக் கட்சி ஆட்சி என்பதல்ல என் பேச்சு. இரண்டு ஆட்சியிலும் இதுதான் நடந்தது. தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியைக் கும்பிடுகிறோம். அணைந்ததும் டிரைவரை வீட்டுக்குப் போகச் சொல்கிறோம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், மாணவர்கள் கவனிக்க. 2021 மே 3-ஆம் தேதி மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வைக் குறைந்தது நாலு மாதம் தள்ளி வைப்பது. பரீட்சைக்குப் படிக்கப் போய்விடாமல் இளம் டாக்டர்கள் கொரோனா வார்டில் இருப்பார்கள் என்பது யோசனை. அன்றைய நெருக்கடிக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. பரீட்சை செப்டம்பரில் நடந்தது. அப்புறம் இடஒதுக்கீட்டு வழக்கால் கவுன்சிலிங் 2022 ஜனவரி வரை போயிற்று. விளைவு என்ன? பெரிய ஆஸ்பத்திரிகளில் ராத்திரி பகலாக வேலையை இழுப்பது மேற்படிப்பு மாணவர்கள்தான். மூன்று வருஷப் படிப்பு, மூன்று செட். முதல் வருஷ செட் வரவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஆள் காலி, மிச்சம் இரண்டு பங்கு முழு வேலையையும் இழுத்தது. அந்த டிசம்பரில் டெல்லியில் டாக்டர்கள் தெருவுக்கு வந்தது அதனால்தான். மே மாதத்துக்கு ஆள் வேண்டும் என்று டிசம்பரிடம் கடன் வாங்கினோம். ஒரு வால்வை இங்கே மூடினால் பிரஷர் அங்கே விழும் என்று நமக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்களே, அதுதான் இது.

உலகம் முழுக்க இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ஐ நர்ஸ்கள், மருத்துவச்சிகள் ஆண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது, கொரோனா வரப்போவது தெரியாமலேயே. அந்த ஆண்டு வந்த அதன் அறிக்கை, உலகத்தில் 59 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை என்றது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவில் இறந்த மருத்துவ ஊழியர்கள் சுமார் 1,15,000 பேர் இருக்கலாம் என்பதும் அவர்கள் மதிப்பீடுதான். பணக்கார நாடுகள் தங்கள் பற்றாக்குறையை எங்கே நிரப்புகின்றன? நம் ஊர் நர்ஸ்களை வைத்துத்தான்.

இதுவரை அரசாங்கத்தையும் உலகத்தையும் பற்றிப் பேசிவிட்டேன். அது சுலபம். இனிச் சொல்லப் போவதுதான் நான் முதலில் எழுதிய நாலு பக்கத்தைக் கிழித்ததற்குக் காரணம்.

2020-ல் மயிலாப்பூரில், சித்திரைக்குளம் பக்கம், பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு ஃப்ளாட்டில் இருந்தோம். நான்தான் அசோசியேஷன் செயலாளர். இரண்டாம் மாடியில் இரண்டு நர்ஸ்கள் வாடகைக்கு இருந்தார்கள். அதில் ஒருவர் நாகப்பட்டினம் பக்கம். என் அம்மாவுக்கு பி.பி. பார்த்துச் சொல்வார். மாடி சிஸ்டர் என்றுதான் அவருக்குப் பெயர்.

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் பால்கனியில் நின்று மருத்துவ ஊழியர்களுக்காகக் கை தட்டினோம். என் பெண் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தாள். சரியாக அந்த நேரம் மாடி சிஸ்டர் நைட் டியூட்டிக்குக் கிளம்பி, கீழே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

ஏப்ரல் நடுவில் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஆரம்பித்தது. வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள், லிஃப்டை அவர்களும்தானே தொடுகிறார்கள், எதற்கு ரிஸ்க், என்று. அந்த மாதம் 19-ஆம் தேதி, கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கும்பல் கல்லெறிந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் குரூப்பில் எல்லாரும் கொதித்தோம். "இவங்கள்லாம் மனுஷங்களா?" என்று நானே எழுதினேன். நாலாம் நாள் அசோசியேஷன் தலைவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீ நல்லா எழுதுவே. மனசு நோகாத மாதிரி ஒரு லெட்டர் போட்டுடு."

போட்டேன். நல்ல தமிழில் போட்டேன். தங்கள் தன்னலமற்ற சேவையை மனமாரப் பாராட்டுகிறோம், எனினும் முதியோர் நலன் கருதி, தங்கள் கொரோனா பணிக்காலம் முடியும் வரை மருத்துவமனை விடுதியிலேயே தங்கிக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். கல்லெறிந்தவனுக்கும் எனக்கும் வித்தியாசம் என்னவென்றால், எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மாடி சிஸ்டர் சண்டை போடவில்லை. இரண்டு பையோடு கீழே வந்தபோது சாவியைக் கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார். "பணிக்காலம் முடியிற வரைக்கும்னு எழுதியிருக்கீங்களே அண்ணா, எங்க வேலை எப்ப முடியும்னு நினைக்கிறீங்க?"

2021 மேயில், நான் அந்த ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுக்கொண்டிருந்த அதே வாரம், என் அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 91-க்கு இறங்கியது. கட்டில் கிடைக்கவில்லை. கான்சென்ட்ரேட்டர் கிடைத்தது. ஊசி போட, கவிழ்த்துப் படுக்க வைக்க, எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. மாடி சிஸ்டரின் நம்பர் என்னிடம் இருந்தது. மூன்று தடவை எடுத்தேன். டயல் செய்யக் கை வரவில்லை. கடைசியில் மந்தைவெளியில் இருந்த, ரிட்டயர் ஆன ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அம்மா வந்தார். வயது 67. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, நடந்தே, ஒன்பது நாள் வந்தார். பணம் வாங்க மாட்டேன் என்றார். அப்பா பிழைத்துக்கொண்டார். நம் ஊரின் ரிசர்வ் படை என்பது, நண்பர்களே, அந்த 67 வயது அம்மாதான்.

மாடி சிஸ்டர் 2022-ல் இங்கிலாந்து போய்விட்டார். என் அம்மாவுக்கு இப்போதும் தீபாவளிக்கு மெசேஜ் வரும். எனக்கு வராது. ஏன் போனார்கள் என்று கேட்டுக் கட்டுரை எழுதுகிறவர்கள் எழுதட்டும். ஒருவரையாவது போக வைத்த லெட்டர் என் கையெழுத்தில் இருக்கிறது.

இனி காரியத்துக்கு வருகிறேன். தேநீருக்குப் பிறகு பொதுக்குழு. இந்த வருஷ நன்கொடை நிதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மறுபடி கருவிகள் வாங்கித் தருவது என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. 2021-ல் நாம் கான்சென்ட்ரேட்டர்கள் வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்கு அது சரி. போன மாதம் அதில் இரண்டைப் போய்ப் பார்த்தேன். ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல், நம் சங்கத்தின் ஸ்டிக்கரோடு, பத்திரமாக ஸ்டோர் ரூமில் இருக்கின்றன.

நான் ஒரு மாற்றுத் தீர்மானம் கொண்டுவருகிறேன். நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தும் கட்டணம், விடுதிச் செலவு கட்ட முடியாத பெண்கள், பையன்கள் ஒரு சிலரை ஒவ்வொரு வருஷமும் எடுத்து, நாலு வருஷமும் நாம் படிக்க வைப்போம். ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ள முடியாது. நாலு வருஷம் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்தது வரும்போது, அது யுத்தமோ, நோயோ, வெள்ளமோ, அவர்கள் இருப்பார்கள்.

"படிச்சு முடிச்சதும் ஃபாரின் போயிடுவாங்களே சார்?" என்று நேற்றே ஒரு மூத்தவர் கேட்டார். போகலாம். என் வகுப்பில் 58 பேர். இன்றைக்கு 31 பேர் வெளிநாட்டில். வரிப்பணத்தில் படித்தவர்கள்தான் நாம். நம்மை யாரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை. நாம் போகலாம், அவர்கள் மட்டும் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்றால் அது நியாயமில்லை. இருக்கத் தோன்றும்படி வைத்துக்கொள்வதுதான் வழி.

அதற்குப் பணம்கூட வேண்டாத ஒரு காரியம் உண்டு. இங்கே இருக்கும் நம்மில் பலர் மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் பக்கம் சொந்தமாக ஃப்ளாட் வைத்திருக்கிறோம். வாடகைக்கு விடும்போது "நைட் டியூட்டி போற பொண்ணுங்களா, வேண்டாம்" என்று சொல்லாமல் இருங்கள். அசோசியேஷனில் அப்படி ஒரு லெட்டர் எழுதச் சொன்னால், எனக்கு எழுத வராது என்று சொல்லிவிடுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று. நீங்கள் நாளை ஆஸ்பத்திரிக்கு எந்தக் கருவியை வடிவமைத்தாலும், முதலில் கேட்க வேண்டியது அதன் விலை இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு, பன்னிரண்டாவது மணி நேர வேலையில் இருக்கும் ஒருவர் இதைத் தனியாக இயக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் திரும்ப வரையுங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். வகுப்பில் மணி அடித்ததும் முதலில் எழுந்து ஓடியவன் நான்தான். இன்றைக்கும் அப்படியே செய்கிறேன். பொதுக்குழுவுக்கு இருந்துவிட்டுப் போங்கள். கை தூக்க ஆள் வேண்டும்.